புருவம் ஏறினால் சோறு இறங்காது

கடினமான ஆங்கிலச் சொற்களை மரியாதையான வாக்கியங்களில் வைத்து உருப்போடுவதை விட்டுவிட்டு, கொஞ்சம் குசும்பான வாக்கியங்களை நீங்களே எழுதிப் பழகுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். அதற்கு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. சந்தோஷப்பட்டவர்கள் பாதி, கோபப்பட்டவர்கள் கொஞ்சம். இந்த முறை வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

கேள்வி: டீச்சர், நான் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜி.ஆர்.ஈ. தேர்வுக்காக 800 சொற்கள் உள்ள பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சொல், அர்த்தம், ஒரு வாக்கியம் என்று வரிசையாக இருக்கிறது. திங்கட்கிழமை படித்த 40 சொற்களில் வியாழக்கிழமை ஏழெட்டுதான் மிஞ்சுகிறது. என் மூளையில்தான் கோளாறா? (மாணவர், உடுமலைப்பேட்டை)

பதில்: மூளையில் ஒரு கோளாறும் இல்லை தம்பி. நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். பிடிவாதம் பிடித்த, மனம் இளகாத ஆளைக் குறிக்கும் ‘ஆப்டியூரட்’ என்ற சொல்லுக்கு அங்கே இருக்கும் வாக்கியம், “ஹி இஸ் அன் ஆப்டியூரட் மேன்.” அந்தச் சொல்லை விரலால் மூடிக்கொண்டு படியுங்கள். அவர் ஒரு இன்ன மனிதர். அந்த இடத்தில் நல்ல, கெட்ட, குட்டையான, பணக்கார என்று எதை வைத்தாலும் பொருந்துகிறது. அப்படியென்றால் அந்த வாக்கியம் சொல்லைப் பற்றி உங்களுக்கு எதையுமே சொல்லவில்லை. வாக்கியம் என்ற பெயரில் பட்டியலில் இடத்தைத்தான் அடைத்திருக்கிறது.

ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் மறதியை அளக்க நினைத்து, தன்னையே சோதனைக்கு வைத்துக்கொண்டார். அர்த்தமே இல்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885-ல் வெளியிட்டார். மறதியில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. அவர் ஏன் அர்த்தமில்லாத அசைகளைத் தேடிப் பிடித்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். அர்த்தம் இருந்தால் மனம் தானாக எதையாவது பற்றிக்கொள்ளும், அளவு தப்பாகிவிடும் என்பதற்காக. நீங்கள் படிக்கும் பட்டியல் நல்ல அர்த்தமுள்ள சொற்களையும் அந்த அசைகளின் நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்தில் தமிழ் வழியில் படித்தவள். கோயம்புத்தூரில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தபோது வகுப்பில் பேசுவது பாதி புரியாது. ஒரு கையகராதியும் கட்டுரை நோட்டும்தான் துணை. தினம் இருபது சொல் எழுதுவேன், மறுநாள் காணாமல் போயிருக்கும். எங்கள் விடுதியில் ஒரு வார்டன் இருந்தார். சாப்பாட்டில் என்ன குறை சொன்னாலும் வாயைத் திறக்கமாட்டார். இடது புருவம் மட்டும் மெதுவாக மேலே போகும். கேட்டவள் கூனிக்குறுகித் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டியதுதான். சாம்பாரில் உப்பில்லை என்று சொன்ன ஒரு நாள் என்னையும் அப்படித்தான் பார்த்தார். மற்றவர்களைத் துச்சமாகப் பார்க்கிற இறுமாப்புக்கு ‘சூப்பர்சிலியஸ்’ என்று ஒரு சொல் அன்றைய பட்டியலில் இருந்தது. ராத்திரி அதற்கு எதிரே எழுதினேன்: “வார்டனின் சூப்பர்சிலியஸ் புருவம் ஏறினால் எங்களுக்குச் சோறு இறங்காது.”

அறையில் இருந்த நான்கு பேரும் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். விடுதி முழுக்க அந்தச் சொல் பரவியது. நாற்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது, எனக்கு அந்தச் சொல் மறக்கவில்லை. லத்தீன் மொழியில் சூப்பர்சிலியம் என்றாலே புருவம்தான் என்று பிற்பாடு பேராசிரியை சொன்னபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தச் சொல்லை உண்டாக்கியவர்களும் எங்கள் வார்டன் மாதிரி ஒருவரைப் பார்த்துத்தானே உண்டாக்கியிருக்க வேண்டும்!

‘ரிகால்சிட்ரன்ட்’ உங்கள் பட்டியலில் இருக்கிறது. சொன்ன பேச்சைக் கேட்காமல் முரண்டு பிடிக்கிற என்று அர்த்தம். அதன் லத்தீன் வேருக்கு, குதிரையோ கழுதையோ குதிகாலால் திருப்பி உதைப்பது என்று பொருள். எங்கள் மாமா ஒருவரிடம் பழைய மொபெட் இருந்தது. “மாமாவின் ரிகால்சிட்ரன்ட் மொபெட்டை நாம் பத்து உதை உதைத்தால் அது ஒன்று திருப்பி உதைக்கும்.” சொல்லை மூடிப் பாருங்கள். ‘அழகான’ பொருந்தாது, ‘புதிய’ பொருந்தாது. முரண்டு பிடிக்கிற ஒன்றுதான் அந்த இடத்தில் உட்காரும். வாக்கியத்தில் குசும்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அர்த்தமும் இருக்க வேண்டும். சிரிப்பு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமும் நின்றால் சிரிப்புதான் மிஞ்சும்.

இன்னும் இரண்டு விஷயம். என் வாக்கியங்களைக் காப்பி எடுக்காதீர்கள். வாசித்த சொல்லைவிடத் தானே யோசித்து உண்டாக்கிய சொல் நன்றாக நினைவில் நிற்கிறது என்று ஸ்லமெக்கா, கிராஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-ல் சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள். எனக்கு வார்டன், உங்களுக்கு வேறு யாரோ. அப்புறம், 800 சொற்களுக்கும் குசும்பு வேண்டாம். வரிசையில் வேறுபட்டு நிற்பதுதான் மனதில் பதிகிறது என்று ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற பெண் ஆய்வாளர் 1933-லேயே எழுதினார். எல்லாமே வேடிக்கை என்றால் எதுவும் தனித்து நிற்காது. சாதாரணமாகப் படித்தாலே ஒட்டிக்கொள்ளும் சொற்களை விட்டுவிடுங்கள். மூன்று முறை படித்தும் நழுவுகிற சொல்லுக்குத்தான் இந்த வைத்தியம்.

முதலில் தமிழ் வாக்கியத்துக்குள் அந்த ஒரு ஆங்கிலச் சொல்லை வைத்து எழுதுங்கள், வீட்டில் சத்தமாகச் சொல்லுங்கள். மறுநாள் அதையே முழு ஆங்கிலத்தில் எழுதுங்கள். இரண்டாவது படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஏன் என்று கீழே கரூர்க்காரருக்கான பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: இந்தத் தேர்வுகளில் எதிர்ச்சொல் எழுதச் சொல்கிறார்கள். அதற்கு அர்த்தம் தெரிந்தால் போதாதா, வாக்கியம் எதற்கு? (ஒரு தந்தை, நாமக்கல்)

பதில்: நீங்கள் சொல்வது பழைய முறை ஐயா. ஜி.ஆர்.ஈ. தேர்வில் எதிர்ச்சொல் கேள்விகளை 2011 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்தில் கோடிட்ட இடத்துக்கு எந்தச் சொல் பொருந்தும் என்றுதான் கேட்கிறார்கள். விரலால் மூடிப் பார்க்கச் சொன்னேனே, அதேதான் தேர்விலும்.

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு. உங்கள் பத்தியைப் படித்துவிட்டு ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். அதில், “அம்மா சித்தியிடம் போனில் லொக்வேஷியஸ், அப்பா ஒரு கேள்வி கேட்டால் லக்கானிக்” என்று எழுதியிருக்கிறாள். அகராதியைப் பார்த்து அர்த்தம் தெரிந்துகொண்டேன். பெற்றவளைக் கிண்டல் செய்து படிப்பதுதான் படிப்பா? எனக்குக் கஷ்டமாக இருக்கிறது டீச்சர். (வாசகி, தேனி)

பதில்: உங்கள் மனம் நொந்திருக்கிறது, அதற்கு நானும் ஒரு காரணம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் அம்மா.

முதலில் அந்த வாக்கியத்தை ஒரு ஆசிரியையின் கண்ணால் பாருங்கள். லொக்வேஷியஸ் என்றால் ஓயாமல் பேசுகிற, லக்கானிக் என்றால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத. நேர் எதிரான இரண்டு சொற்களை ஒரே ஆளிடம், இரண்டு சந்தர்ப்பத்தில், துல்லியமாக வைத்திருக்கிறாள். நான் 31 வருடம் பாடம் எடுத்தவள். இப்படி ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிரேக்க நாட்டில் ஸ்பார்ட்டா இருந்த பகுதிக்கு லக்கோனியா என்று பெயர். அந்த ஊர்க்காரர்கள் அளந்துதான் பேசுவார்களாம். மாசிடோனிய அரசர் பிலிப் ‘நான் உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் உங்களை அழித்துவிடுவேன்’ என்று மிரட்டியதற்கு, ‘நுழைந்தால்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பினார்கள் என்று ஒரு பழங்கதை உண்டு. இதை மகளுக்குச் சொல்லுங்கள், லக்கானிக் அவளுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

கிண்டலில் மொழி கற்பது நமக்குப் புதிதும் இல்லை. வசை பாடக் காளமேகம் என்று சொல்லித்தானே வளர்ந்தோம். நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தைப் பற்றி அவர் பாடியதாக ஒரு வெண்பா உண்டு. பொழுது சாயும்போதுதான் அரிசி வரும், அதைக் குத்தி உலையில் போடும்போது ஊர் அடங்கிவிடும், ஒரு அகப்பை அன்னம் இலையில் விழும்போது வெள்ளி முளைத்துவிடும் என்று சாப்பாடு போட்டவர்களையே கிண்டல் செய்கிற பாட்டு. வெள்ளி என்றால் விடிகாலையில் தெரிகிற கோள் என்பதை நான் அறிவியல் பாடத்தில் கற்கவில்லை, அந்தப் பாட்டில்தான் கற்றேன். சத்திரத்துப் பசி தெரிந்த பிள்ளைக்கு அந்த வெள்ளி எப்படி மறக்கும்?

உங்கள் மகள் உங்களை எவ்வளவு கவனித்திருந்தால் இதை எழுதியிருக்க முடியும் என்பதையும் யோசியுங்கள். அதே சமயம், பிள்ளைகளுக்கு நான் வைக்கும் கட்டுப்பாடு ஒன்று உண்டு. யாரைப் பற்றி எழுதினாலும், அதே பக்கத்தில் தன்னைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டும். இதை அவளிடம் சொல்லுங்கள். நீங்களும் ஒன்று எழுதுங்கள். காலையில் ஏழு மணி வரைக்கும் போர்வையை விடமாட்டாள் என்றால் அதற்கு ‘லெதார்ஜிக்’ இருக்கிறது. அவள் நோட்டிலேயே, அவள் வாக்கியத்துக்குக் கீழேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். எங்கள் மேலாளரின் பணி ஓய்வு விழாவில் அவரைப் புகழ நினைத்து, “ஹி இஸ் அன் அஃபிஷியஸ் பெர்சன்” என்று பேசிவிட்டேன். அலுவலக வேலையில் கெட்டிக்காரர் என்று அர்த்தம் என்று நினைத்தேன். இரண்டு பேர் முகம் மாறியது. என்ன தவறு செய்தேன்? (வாசகர், கரூர்)

பதில்: அஃபிஷியஸ் என்றால் யாரும் கேட்காமலே தலையிட்டு அதிகாரம் செய்கிறவர். ஆஃபீஸ் என்ற சொல்லோடு உறவு உண்டு, ஆனால் புகழ்ச்சி இல்லை. மேலாளரை நேரில் பார்த்து, நான் சொல்ல நினைத்தது இது, அர்த்தம் தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்றால், சொல்லின் அர்த்தம் அரைகுறையாகத் தெரிந்து, அதன் நிறம் தெரியாமல் போவதிலிருந்து. அகராதி அர்த்தத்தைச் சுருக்கித் தருகிறது. நிறம் வாக்கியத்தில்தான் தெரியும், அதுவும் பூசி மெழுகாத வாக்கியத்தில். “கல்யாணப் பந்தியில் யாரும் சொல்லாமலே, ‘அந்த இலைக்குச் சாம்பார், இந்த இலைக்கு ரசம்’ என்று விரலை நீட்டிக்கொண்டு நடக்கும் அஃபிஷியஸ் பெரியப்பா.” இதை ஒருமுறை எழுதியவர் ஓய்வு விழாவில் அந்தச் சொல்லைத் தொடவேமாட்டார்.

இப்படி ஆளைக் கவிழ்க்கும் சொற்கள் இன்னும் உண்டு. ‘நொட்டோரியஸ்’ என்றால் பிரபலமானவர் என்று நினைத்து எழுதுகிறார்கள். கெட்ட பெயரால் பிரபலமானவர் அவர். ‘இக்ரீஜியஸ்’ என்ற சொல்லின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். லத்தீனில் ‘கிரெக்ஸ்’ என்றால் மந்தை. மந்தையிலிருந்து தனித்துத் தெரிகிற ஆடு என்பதுதான் சொல்லின் வேர். ஆங்கிலத்தில் முதலில் அது பாராட்டாகவே இருந்தது. காலம் போகப் போகத் திரும்பிக்கொண்டு, கெட்டதில் தனித்துத் தெரிகிற என்று ஆகிவிட்டது. இன்று அது பெரும்பாலும் தவறு, அத்துமீறல், பிழை மாதிரியான சொற்களோடுதான் சேர்ந்து நடக்கும். “பத்திரிகையில் சம்பந்தியின் பெயரையே மாற்றி அச்சடித்தது இக்ரீஜியஸ் எரர்.” உடுமலைத் தம்பிக்கு முழு ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதச் சொன்னது இதற்காகத்தான். தமிழ் வாக்கியத்தில் வைத்தால் சொல்லின் அர்த்தம் பதியும். அது யாரோடு சேரும், யாரோடு சேராது என்பது ஆங்கில வாக்கியத்தில்தான் தெரியும்.

கேள்வி: நான் சேர்ந்திருக்கும் பயிற்சி வகுப்பில் சார் ஒவ்வொரு சொல்லுக்கும் பெண்களின் உடம்பை வைத்தே ஜோக் சொல்கிறார். ‘அப்போதுதான் மறக்காது’ என்கிறார். நீங்கள் சொல்வதும் இதுதானா டீச்சர்? (மாணவி, பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: இல்லவே இல்லை கண்ணு. நீ மறக்காமல் வைத்திருக்கப்போவது அந்த அவமானத்தை, சொல்லை இல்லை. தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது. வீட்டில் பெரியவர்களிடம் சொல். வகுப்பில் உள்ள மற்றப் பெண்களோடு சேர்ந்து நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடு. அங்கே தொடர்ந்து படித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கேள்வி: சொற்பட்டியலில் ‘பரையா’ என்று ஒரு சொல். ஒதுக்கப்பட்டவன் என்று அர்த்தம் போட்டு, நண்பர்கள் ஒதுக்கிவைத்த ஒருவனைப் பற்றி வேடிக்கையாக ஒரு வாக்கியமும் இருந்தது. அது எங்கிருந்து வந்த சொல் என்று தெரிந்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். இதைப் படிக்கத்தான் வேண்டுமா? (மாணவர், விழுப்புரம்)

பதில்: மூடியது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது தம்பி. தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அது நம் தமிழிலிருந்து போன சொல். பறை என்ற கருவியோடு சேர்த்து வழங்கும் ஒரு சமூகத்தின் பெயரை, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. பிறகு, எல்லோரும் வெறுத்து ஒதுக்கும் எவருக்கும் எதற்கும் அதுவே பொதுப்பெயர் ஆகிவிட்டது. உலகம் ஒதுக்கிய நாட்டுக்கும் அந்தப் பெயர், தெரு நாய்க்கும் அந்தப் பெயர். உயிரோடு நம் பக்கத்தில் வாழும் மனிதர்களின் பெயர் அது என்ற நினைவே இல்லாமல் செய்தித்தாள்கள் இன்றும் எழுதுகின்றன.

படிக்கும்போது எதிரே வந்தால் அர்த்தம் புரிய வேண்டும், அவ்வளவுதான் தேவை. எழுதவோ பேசவோ அந்தச் சொல் வேண்டாம். நான் எந்த வகுப்பிலும் அதை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னதில்லை.

அதே இடத்துக்கு ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். கூட்டத்திலிருந்து விலக்கிவைப்பது என்று அர்த்தம். ஏதென்ஸ் நகரத்தில், ஒரு மனிதர் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டார் என்று தோன்றினால், மக்கள் உடைந்த பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்கள். வேண்டிய அளவுக்கு ஓடு விழுந்தால் பத்து வருடம் அவர் ஊரைவிட்டு வெளியே இருக்க வேண்டும். அந்த ஓட்டுக்கு ஆஸ்ட்ரகான் என்று பெயர். சலாமிஸ் கடற்போரில் பாரசீகர்களை முறியடித்த தெமிஸ்டோக்ளிஸையே அப்படி அனுப்பியிருக்கிறார்கள். அவர் பெயர் கீறிய ஓடுகளை ஏதென்ஸில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இரண்டு சொற்களுக்கும் அர்த்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று மேலே இருந்தவர்களை மக்கள் இறக்கிய கதை. இன்னொன்று கீழே அழுத்தப்பட்டவர்களின் பெயரையே வசவாக்கிய கதை.

குசும்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை நான் எப்போதும் கவனிப்பேன். 1755-ல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட பெரிய ஆங்கில அகராதியில், புரவலரைக் குறிக்கும் ‘பேட்ரன்’ என்ற சொல்லுக்கு, ‘பெரும்பாலும் திமிரோடு ஆதரித்து முகஸ்துதியைக் கூலியாகப் பெறும் அற்பர்’ என்கிற மாதிரி விளக்கம் எழுதினார். தேவைப்பட்டபோது கைகொடுக்காத ஒரு பிரபுவின் மேல் இருந்த கசப்பு அதில் இருக்கிறது. படித்தால் இன்றும் மனம் குளிர்கிறது. அதே அகராதியில் ஓட்ஸ் என்ற சொல்லுக்கு, இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவது, ஸ்காட்லாந்தில் மனிதர்கள் சாப்பிடுவது என்று எழுதினார். அவருக்கு எழுதி உதவியவர்களில் பெரும்பாலோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். இதை வேடிக்கை என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. ஏழைகளின் கஞ்சியை வைத்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை சொல்? (வாசகி, திருப்பூர்)

பதில்: ஐந்து. மறுநாள் காலையில் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை நோட்டைத் திறக்காமல் சொல்லிப் பாருங்கள். பஸ்ஸில் போகும்போது சொன்னால் போதும், தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

அடுத்த இதழுக்கு எல்லோரும் ‘பார்சிமோனியஸ்’ என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம் எழுதி அஞ்சலட்டையில் அனுப்புங்கள். காசைச் செலவழிக்க மனமே வராத கஞ்சன் என்று அர்த்தம். மூடிப் பார்த்தால் வேறு சொல் பொருந்தக் கூடாது. அம்மாவைப் பற்றி எழுதாதீர்கள். மாதக் கடைசியில் மீந்த இரண்டு கத்தரிக்காயில் நான்கு பேருக்குக் குழம்பு வைக்கிறவர் பார்சிமோனியஸ் இல்லை. அவருக்கு ‘ஃப்ரூகல்’ என்று வேறு ஒரு நல்ல சொல் இருக்கிறது.